ஷிப்ட் நேரமும் கைக்குழந்தையின் மனமும்

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு ஒன்றை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய அந்த வளாகத்தில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய ஹாஸ்டலில் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கூட வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. அதையெல்லாம் மறக்காதவர்களுக்கு இந்தக் கட்டடம் தாமதமாக வந்தாலும் தேவையான ஒன்று என்றுதான் தோன்றும். ஆனால் அது திறக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூன் கடைசியில், அதே ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டிருந்தது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது. நிறுவனம் பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்தத் தொழில் வட்டாரம் தன் தொழிலாளி யார் என்று எண்ணிவைத்திருக்கிறது என்பது புலப்படும். தனியாக வந்து, ஒரு படுக்கையில் உறங்கி, கம்பெனி பஸ் ஏறி, சில ஆண்டுகளில் கல்யாணம் ஆகிப் போய்விடும் இளம்பெண்தான் அந்தத் தொழிலாளி. அந்தக் கணக்கில் குழந்தை இல்லை.

கணக்கில் இல்லாவிட்டாலும் ஊரில் குழந்தைகள் இருக்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிப்போனது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொடங்கியது என்று கால் நூற்றாண்டுக்கு மேலாக இங்கே ஆலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் அலையில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள். பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளி ஆண்களுக்கு வீட்டில் கைக்குழந்தை உண்டு. உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனிகளில், கேன்டீனில், ஹவுஸ்கீப்பிங்கில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் தாய்மார்கள். மாத்தூரிலும் படப்பையிலும் லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒடியா, பிகார் குடும்பங்களுக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சத்துமாவு, தடுப்பூசி, எடை என்று போகும். அதற்கு மேல் போனால் அம்மா வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற பழைய வழக்கில் வந்து நிற்கும். அந்த வழக்கே தவறான கேள்வியிலிருந்து தொடங்குகிறது என்பது என் வாதம். முதல் மூன்று வயதில் ஒரு பிள்ளையின் மனம் நிலைகொள்வதற்கு அம்மா எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறாள் என்பதைவிட, பிள்ளையைத் தூக்கும் கைகள் சிலவாகவும் மாறாதவையாகவும் இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் நேரமும் குடியிருப்பும் வேலை ஒப்பந்தமும் அமைந்திருக்கும் விதம் அந்த மாறாத தன்மையைத்தான் முதலில் பறிக்கிறது.

பிறந்த குழந்தைக்குத் தன் பதற்றத்தைத் தானே தணித்துக்கொள்ளத் தெரியாது. பசியும் தூக்கமும் பயமும் அதற்கு ஒரே வேகத்தில் வருகின்றன. யாராவது எடுத்து, தோளில் போட்டு, தட்டிக்கொடுத்து, முகம் பார்த்துப் பேசினால்தான் உடல் அமைதிக்குத் திரும்புகிறது. இப்படி ஆயிரம் தடவை வெளியிலிருந்து நடந்ததுதான் பின்னாளில் உள்ளே ஒரு திறமையாக மாறுகிறது. கோபத்தை அடக்கத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளை, ஐந்து மாதத்தில் யாரோ ஒருவர் பொறுமையாகத் தணித்த பிள்ளை. எட்வர்ட் ட்ரோனிக்கும் அவருடன் இருந்தவர்களும் 1978இல் வெளியிட்ட சோதனை இதை எளிமையாகக் காட்டியது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொன்னதும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிப்போகிறது. பேசத் தெரியாத வயதிலேயே பிள்ளை பதிலை எதிர்பார்த்துத்தான் பார்க்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. பதில் சொல்பவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரிந்திருக்கவும் வேண்டும். கண்ணைக் கசக்கினால் தூக்கம், காலை உதைத்தால் வயிற்று வலி என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான அகராதி இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் அகராதியையும் படித்து முடிக்க வாரங்கள் ஆகும். ஆள் மாறினால் படிப்பு மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கும்.

இந்த ஆள் மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சியம் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜாய்ஸ் ராபர்ட்சனும் 1960களில் எடுத்த ஆவணப்படங்கள். அதில் ஜான் என்ற பையனுக்கு வயது 17 மாதம். அம்மா அடுத்த பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போக, ஒன்பது நாள் அவனைத் தங்கவைத்துப் பராமரிக்கும் குழந்தைகள் இல்லத்தில் விட்டார்கள். அந்த இல்லத்தில் கொடுமை எதுவும் இல்லை. இளம் பணியாளர்கள் நல்லவர்கள், சிரித்த முகம், சாப்பாடு நேரத்துக்கு. ஆனால் எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்ற ஏற்பாடு கிடையாது; வேலைகள்தான் பங்கிடப்பட்டிருந்தன, ஒருவர் குளிப்பாட்ட, ஒருவர் சோறூட்ட, டியூட்டி முடிந்தால் இன்னொருவர். ஜான் முதல் நாட்களில் ஒவ்வொரு பெண்ணாகத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான். ஒருத்தியோடு கொஞ்சம் பழகினால் அவள் டியூட்டி முடிந்து போய்விடுகிறாள், அல்லது இன்னொரு பிள்ளை முண்டியடித்து மடியில் ஏறிவிடுகிறது. நாளடைவில் ஆட்களை விட்டுவிட்டு ஒரு பெரிய பொம்மைக் கரடியின் மேல் முகம் புதைத்துக் கிடக்கிறான், சாப்பிட மறுக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவளைப் பார்க்கவே மறுத்து அலறுகிறான். இதே ராபர்ட்சன் தம்பதி அதே காலத்தில் சில பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஜேன் என்ற குழந்தைக்கும் 17 மாதம்தான், பிரிவும் பத்து நாள்தான். முழுநேரமும் ஒரே பெண் கவனித்தாள். ஜேனுக்கும் பதற்றம் இருந்தது. ஆனால் அவள் உடைந்துபோகவில்லை, அம்மா திரும்பி வந்ததும் அவளிடம் போனாள். இரண்டு பிள்ளைகளை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது, ராபர்ட்சன்களுக்கும் அது தெரியும். ஆனால் அம்மா இல்லாத துன்பத்தையும் யாருமே நிலையாக இல்லாத துன்பத்தையும் தனித்தனியாகப் பார்க்க அந்தப் படங்கள் கற்றுக்கொடுத்தன. அன்புள்ள பணியாளர்களே ஷிப்ட் முறையால் ஒரு பிள்ளைக்கு அந்நியர்களாக முடியும் என்பதையும்தான்.

பெரிய அளவில் இதைச் சோதித்துப் பார்க்க இஸ்ரேலின் கிபுட்ஸ் கூட்டுக் குடியிருப்புகள் இயல்பாகவே ஒரு களமாக அமைந்தன. சில கிபுட்ஸ்களில் பிள்ளைகள் பகலில் காப்பகத்தில் இருந்துவிட்டு இரவு பெற்றோர் வீட்டில் தூங்கின. சிலவற்றில் இரவும் பொதுக் கூடத்திலேயே தூங்கின, ஊர்ப் பெண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஆபிரகாம் சாகியும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வீட்டில் தூங்கிய 25 குழந்தைகளில் 80 சதவீதம் தாயோடு உறுதியான பிணைப்பு கொண்டிருந்தார்கள்; பொதுக் கூடத்தில் தூங்கிய 23 பேரில் 48 சதவீதம்தான். பகல் பராமரிப்பின் தரம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இரவில் இருந்தது. பயந்து விழித்தெழும் நேரத்தில் வந்து நிற்கும் முகம் அடிக்கடி மாறியது. எண்ணிக்கை சிறியது என்பது உண்மைதான். ஆனால் ருமேனியாவின் குழந்தைகள் இல்லங்களில் நடந்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. அன்னா ஸ்மைக்கும் சார்லஸ் ஸீனாவும் சக ஆய்வாளர்களும் 2002இல் ஒரே இல்லத்துக்குள் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார்கள். ஒரு பகுதியில் வழக்கம்போலப் பல பணியாளர்கள் ஷிப்டில் சுழன்றார்கள். மற்றொன்றில் ஒரு சிறு குழுப் பிள்ளைகளுக்குச் சில பணியாளர்கள் மட்டும் என்று வரையறுத்தார்கள். கட்டடம் அதே, சாப்பாடு அதே. கைகளின் எண்ணிக்கையைக் குறைத்த பகுதியில் பிணைப்புக் கோளாறின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. கொள்கை வகுப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது: பெரிய செலவில்லாமல், பணி அட்டவணையை மாற்றி மட்டுமே கிடைத்த பலன்.

இப்போது மாத்தூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒரே அறை, மூலையில் அடுப்பு, மேலே கொக்கியில் தொங்கும் சேலைத் தூளி. கணவன் ஒரு ஆலையில், மனைவி இன்னொன்றில். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என்று வாராவாரம் சுழலும். இருவரும் சுழன்றால் திங்கள்கிழமைதோறும் பிள்ளையின் நாள் புதிதாக அமையும். முதல் வாரம் பகலில் அப்பா, இரவில் அம்மா. அடுத்த வாரம் மாலையில் பக்கத்து வீட்டு அக்கா. அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட் முடித்து வந்த அம்மா பகலில் தூங்க வேண்டும், அந்த ஒரே அறையில் பிள்ளை சத்தம் போடாமல் இருக்க வேண்டும். தூங்குகிறவள் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஆனால் முகம் பதில் சொல்வதில்லை. ட்ரோனிக்கின் சோதனையில் சில நிமிடம் நடந்தது இங்கே மணிக்கணக்கில் நடக்கிறது. இதில் யார் மீதும் குற்றமில்லை. இரவு முழுக்க நின்று வேலை செய்த உடம்புக்குத் தூக்கம் வேண்டும். காலமும் இடறுகிறது: 2017இல் மகப்பேறு பலன் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு, அதாவது ஆறு மாதம். தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிள்ளை பிரித்துப் பார்க்கத் தொடங்கி, குறிப்பிட்ட சிலரோடு மட்டும் பிணைப்பை இறுக்குவது ஏழெட்டு மாதத்தில். இரண்டு வயது வரை அந்த இறுக்கம் உச்சத்தில் இருக்கும். பிள்ளைக்கு ஆள் யார் என்பது முக்கியமாகத் தொடங்கும் அந்தத் தருணத்தில்தான் விடுப்பு முடிகிறது. அதற்குப் பிறகு 15 மாதம் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லைனில் ஒருத்தி இடத்தை விட்டு எழுந்தால் ரிலீவர் வந்து நிற்க வேண்டும், பிள்ளையும் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் அந்த உரிமை காகிதத்தோடு சரி.

இதற்கு உடனே எழும் மறுப்பு, நம் ஊரில் பிள்ளை எப்போதுமே பல கைகளில்தானே வளர்ந்தது என்பது. அம்மாவும் பிள்ளையும் மட்டும் ஒரு வீட்டில் என்பது மேலைநாட்டு நடுத்தர வர்க்கத்தின் சித்திரம்; இங்கே பாட்டி, அத்தை, பெரியம்மா, தெருவே சேர்ந்து வளர்த்தது. மறுப்பு சரியானது, பிணைப்புக் கோட்பாட்டின் தொடக்க கால ஆய்வுகள் தாயை மட்டுமே பார்த்தன என்ற குறையும் உண்மை. சூசன் சைமோர் 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் புவனேஸ்வரத்தில் குடும்பங்களைப் பார்த்து எழுதியவை, கூட்டுக் குடும்பப் பிள்ளைகள் பலரிடம் வளர்ந்தும் மனம் நிலைகொண்டு வளர்ந்ததைக் காட்டுகின்றன. காங்கோவின் எஃபே மக்களிடையே ட்ரோனிக் உள்ளிட்டோர் செய்த ஆய்வில் குழந்தை ஒரே நாளில் பலர் கை மாறியது. சாரா ஹெர்டி 2009இல் எழுதிய நூலில், பலர் சேர்ந்து பிள்ளை வளர்ப்பதே மனித இனத்தின் தனி இயல்பு என்று வாதிட்டார். ஆனால் இந்தச் சான்றுகளில் உள்ள ஒரு பொதுத்தன்மையை மறுப்புச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பல கைகள் நாளை மறுநாளும் இருக்கும் கைகள். எஃபே முகாமில் பத்துப் பேர் தூக்கினால் அடுத்த மாதமும் அதே பத்துப் பேர். பெரியம்மா ராஜினாமா செய்து போவதில்லை. பலர் என்பது ஆபத்தில்லை. ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. லைன் வீட்டுப் பக்கத்து அறைக்காரி எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், கான்ட்ராக்ட் முடிந்தால் 11 மாதத்தில் வீடு காலி செய்துவிடுவாள். கிராமத்து உறவுவட்டத்தின் பெயரால் இந்தத் தற்காலிக அக்கம்பக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

பாட்டியிடம் விட்டு வளர்ப்பதும் இந்த வகையில்தான் பார்க்கப்பட வேண்டும். செய்யாற்றுப் பக்கமோ விழுப்புரத்துப் பக்கமோ ஊரில் பாட்டியிடம் ஆறேழு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை வந்து பார்த்துப் போகும் பெற்றோர் இந்தப் பகுதியில் சாதாரணம். பெற்ற மனத்துக்கு அது பெரிய வலி, ஊரார் வாய்க்கு அவல். என் வாதத்தின்படி பிள்ளைக்கு அது மோசமான ஏற்பாடு இல்லை. பாட்டி நிலையாக, நலமாக இருந்தால் வாரம் ஒரு ஏற்பாடாகச் சுழலும் லைன் வீட்டைவிட நல்லது. சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. மூன்று வயதில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்று ஒரு ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். பெற்றோர் அதை, பிள்ளை தாயிடம் திரும்பி வருவதாக எண்ணுகிறார்கள். பிள்ளைக்கோ அது தாயைப் பிரிவது, ஏனென்றால் அதன் மனத்தில் அந்த இடத்தில் பாட்டிதான் இருக்கிறாள். அழுது அடம் பிடித்தால் பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று சொல்லப்படும். இரண்டு மாதம் பாட்டியும் கூட வந்து தங்கினால் பாதிக் கஷ்டம் குறையும். ஒற்றை அறையில் பாட்டிக்கு எங்கே இடம் என்பது அடுத்த கேள்வி. தொழிலாளர் குடியிருப்பைப் படுக்கைக் கணக்கில் திட்டமிடும்போது விடுபடுவது இதுபோன்ற கேள்விகள்தான்.

எதிர்த் திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் பலமானது: இவ்வளவு சிக்கல் என்றால் மூன்று வயது வரை அம்மா வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாமே. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை இந்த வாதத்துக்கு எப்போதும் துணைக்கு அழைக்கப்படுகிறது. அனாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய அந்த அறிக்கை, தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் வேறொருவரையும் ஏற்றுக்கொள்கிறது என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுவார்கள். சரியான சோதனை அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய அரசு ஆய்வு. 1,300க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 15 மாதத்தில் தாயோடு பிணைப்பு எப்படி என்று பார்த்தபோது, காப்பகத்தில் விட்டதா வீட்டில் வைத்ததா என்பது தனியாக எந்த வித்தியாசத்தையும் செய்யவில்லை. தாய் பிள்ளையின் குறிப்பறிந்து நடந்துகொள்வதில் குறை இருந்து, அதோடு தரம் குறைந்த பராமரிப்போ, அதிக நேரமோ, பராமரிப்பு ஏற்பாடு அடிக்கடி மாறுவதோ சேர்ந்தபோதுதான் ஆபத்து கூடியது. ஆக, இரட்டைச் சுமை ஆகாது என்பது முடிவு. தாயை வீட்டுக்கு அனுப்புவது அந்தச் சுமைகளில் எதையும் இறக்குவதில்லை. மாறாக, ஒரு சம்பளம் போனால் கணவன் ஓவர்டைம் கூட்டுவான், பிள்ளைக்கு ஒரு கை குறையும். மணமான பெண்ணை வேலைக்கு எடுக்காதவர்கள் குழந்தையின் நலனைக் காரணம் காட்ட இந்தச் சான்றுகளில் ஒரு வரிகூட இடம் தரவில்லை. தந்தையும் ஒரு நிலையான கை. அவன் ஷிப்ட் அட்டவணையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இந்த ஆய்வுகளெல்லாம் லண்டனிலும் புக்கரெஸ்டிலும் நடந்தவை, ஒரகடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். எண்கள் பொருந்த வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் பிள்ளைகள் எந்த வகை என்பது ஊருக்கு ஊர் மாறும்; பிள்ளை எதிர்பார்ப்போடு பார்க்கிறது, எதிர்பார்ப்பு பலமுறை பொய்த்தால் கேட்பதை நிறுத்துகிறது என்ற இயக்கம் மாறுவதற்கு உயிரியல் காரணம் எதுவும் இல்லை. ஷிப்ட் நேரத்தைப் பற்றியே நேரடியான சான்றும் உண்டு. கனடாவில் இரண்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் தேசியத் தரவை வைத்து லிண்டல் ஸ்ட்ராஸ்டின்ஸும் மற்றவர்களும் 2004இல் எழுதிய கட்டுரையில், மாலை, இரவு, வார இறுதி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளிடம் உணர்ச்சிச் சிக்கல்களும் நடத்தைச் சிக்கல்களும் அதிகம் பதிவாயின. தொடர்பைக் காட்டும் ஆய்வு அது, காரணத்தை நிறுவுவது இல்லை. பொதுவாகவே இந்தத் துறையில் விளைவுகளின் அளவு சிறியது. ஷிப்ட் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்வார்கள். ஆயினும் ஒரு ஆபத்து சிறியது என்பதற்காக அதை ஒரு வட்டாரம் முழுவதற்கும் விதியாக ஆக்கிவிடலாமா? தலைவலி தரும் தண்ணீர் என்றால் நாம் குழாயைத்தான் பார்ப்போம்.

சட்டம் எதைப் பார்க்கிறது? 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டும் என்றது. 2017 திருத்தம் ஆண், பெண் என்று பார்க்காமல் 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்று மாற்றியது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த 50ஐ அப்படியே வைத்திருக்கிறது. 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை, வேலையிடத்திலிருந்து 500 மீட்டருக்குள், மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர் என்று சொல்கிறது. எல்லாம் இடத்தையும் தலைகளையும் எண்ணுகின்றன. கம்பெனி பஸ் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் வரை போய் ஆள் ஏற்றும் இந்தப் பகுதியில் ஆலைக்கு 500 மீட்டரில் காப்பகம் என்றால், கைக்குழந்தை அதிகாலை நாலரைக்கு எழுந்து பஸ்ஸில் வர வேண்டும். காப்பகம் திறந்தோம், பிள்ளையே வரவில்லை என்று மனிதவளத் துறைகள் சொல்வதில் பொய் இருக்காது. எந்தத் தாய் கொண்டுவருவாள்? 1969இல் மீரா மகாதேவன் டெல்லியில் கட்டுமான இடங்களில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், அங்கே தொழிலாளர் குடும்பமே வேலையிடத்தில் குடியிருந்தது. இங்கே வேலையும் வீடும் வேறு வேறு ஊர். காப்பகம் வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கம் இருப்பது அங்கன்வாடி. ஊரில் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட 1972 ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் வாழ்ந்து 2022இல் மறைந்த மீனா சுவாமிநாதன். வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு அவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பழசாகவில்லை. தாய், கைக்குழந்தை, பள்ளிக்குப் போகாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கும் அக்கா என்று மூவரின் பிரச்சினையாக அவர் அதைப் பார்த்தார். வடமாநிலக் குடும்பங்களின் லைன் வீட்டு வாசலில் அந்த எட்டு வயது அக்காவை இப்போதும் பார்க்கலாம். தமிழக அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளை உட்காருகிறது, அதற்குக் கீழே சத்துமாவுப் பொட்டலம் மட்டும். 2022இல் வந்த பால்னா திட்டம் நாடெங்கும் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகமாகவும் ஆக்கத் திட்டமிட்டது, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. சரியான இடம், சரியான வயது. ஆனால் நேரம் ஏழரை மணி. எட்டு மணி ஷிப்டோடு போக வர ஒவ்வொரு மணி சேர்த்தால் பத்து. மீதி இரண்டரை மணிக்கு இன்னொரு ஆள் தேட வேண்டும், அதாவது பிள்ளைக்கு இன்னொரு புதுக் கை.

காப்பகத்தின் தரத்தைப் பற்றிப் பேசும்போது சுவர்ச் சித்திரமும் பொம்மைகளும்தான் புகைப்படத்தில் வரும். நான் முதலில் கேட்பது அங்கே இருக்கும் ஆயாவுக்கு எத்தனை வருடம் வேலை, எவ்வளவு சம்பளம் என்பதையே. மதிப்பூதியத்தில் ஓடும் பெண், ஆலையின் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவாள். அவள் போகும்போது பத்துப் பிள்ளைகள் ஒருவரை இழக்கிறார்கள், பதிவேட்டில் அது ஒரு காலியிடம். எந்தப் பிள்ளை எந்த ஆயாவின் பொறுப்பு என்று பெயர் எழுதி வைப்பதற்குச் செலவே கிடையாது. சேர்க்கும் முறைக்குச் செலவு உண்டு: பெர்லினில் லீசலோட்டே ஆனெர்ட் உள்ளிட்டோர் 15 மாத வயதுள்ள 70 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2004இல் எழுதியதில், தாய் கூடவே வந்து உட்கார்ந்து பழக்கிய நாட்கள் அதிகமான பிள்ளைகளுக்குத் தாயோடு இருந்த பிணைப்பு கெடவில்லை. அதற்கு இரண்டு வாரம் பாதி நாள் விடுப்பு வேண்டும். 26 வாரத்தோடு இரண்டு வாரம் சேர்ப்பதை எந்த ஆலையும் திவாலாகும் காரணமாகக் காட்ட முடியாது.

ஆலைகள் காட்டும் உண்மையான தடை ஷிப்ட். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கும் தந்தைக்கும் மாறாத ஷிப்ட் வேண்டும் என்றால், யார் நைட் பார்ப்பது, மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, லைன் எப்படி ஓடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நைட் ஷிப்ட் சுமை பிள்ளையில்லாதவர்கள் மேல் ஏறும் என்பது உண்மை, அதற்கு ஈடாக நைட் அலவன்ஸைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் மாறாத ஷிப்ட் என்றால் பகல் ஷிப்ட் என்று பொருளில்லை. கணவன் நிரந்தரமாக முதல் ஷிப்ட், மனைவி நிரந்தரமாக இரண்டாம் ஷிப்ட் என்று இருந்தால், நடுவில் இரண்டு மணி நேரம் ஒரு தெரிந்த ஆளைக் கொண்டு பிள்ளை நாள் முழுவதும் மூன்று கைகளுக்குள்ளேயே இருக்கும். இரண்டு ஆலைகள் ஒரே ஊரிலிருந்து ஆள் எடுக்கும் இடத்தில் இதைத் திட்டமிடுவது கடினமில்லை. ஷிப்ட் மாற்றத்தில் சட்டம் தலையிட்டதற்கு இங்கேயே முன்மாதிரியும் உண்டு. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் நீக்கியபோது, வாகனம், பாதுகாப்பு ஆகியவற்றோடு, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறும் பெண்ணுக்கு இடையில் 12 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பெண்ணின் உடம்புக்காக ஷிப்ட் சுழற்சியில் நீதிமன்றம் வைத்த வரம்பு அது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பிறகு அரசு திரும்பப் பெற்றபோது நடந்த விவாதத்தில் தொழிற்சங்கங்கள் உழைப்பாளியின் உடல்நலத்தைப் பேசின, முதலீட்டாளர்கள் போட்டியைப் பேசினார்கள். அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது தொழிற்சாலைகள் ஆய்வாளர் கேட்டுவாங்கிப் பார்க்க வேண்டிய ஏடு ஒன்று இருக்கிறது: சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் ஷிப்ட் ரோஸ்டர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ளவர்களின் பெயர் அதில் வாரத்துக்கு எத்தனை தடவை இடம் மாறுகிறது என்று எண்ணிவிட முடியும்.